இன்சூரன்ஸில் விட்ட கார் வெளியே வரவில்லையா? ஒர்க்‌ஷாப் சொல்லும் பதிலை வைத்துச் சிக்கலைக் கண்டுபிடிப்பது

அடிபட்ட காரைக் கேஷ்லெஸ் கிளெய்மில் (பழுது பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டும் முறை) விட்டபின் அது மூன்று பேர் கைக்குள் போய்விடுகிறது: ஒர்க்‌ஷாப், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர், இன்சூரன்ஸ் கம்பெனி. ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைக் காட்டுவார். அந்த அடுத்தவர் முதல் ஆளையே திருப்பிக் காட்டுவார். உண்மையில் வண்டி நிற்பது ஒரே ஒரு காகிதத்துக்காகவோ ஒரே ஒரு பார்ட்டுக்காகவோதான் இருக்கும். அது யாரிடம், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் சர்வீஸ் அட்வைசரிடம் சத்தம் போட்டால் அவர் போனை எடுப்பதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான்.

கீழே உள்ள தலைப்புகள் போனில் உங்களுக்குக் கிடைக்கும் பதில்கள். உங்களுக்கு வந்த பதில் எதுவோ அங்கே நேராகப் போகலாம். காரணங்கள் செலவில்லாததில் தொடங்கிச் செலவு பிடிப்பதில் முடிகின்றன.

## எந்தப் பதில் வந்தாலும் முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஜாப் கார்டு நகல், கிளெய்ம் எண், கிளெய்ம் பதிவான தேதி, சர்வேயரின் பெயரும் கைப்பேசி எண்ணும், எஸ்டிமேட் நகல். இந்த ஐந்தும் இல்லாமல் யாருடனும் பேசிப் பயனில்லை. கிளெய்ம் எண்ணை ஒர்க்‌ஷாப் சொன்னபடி எழுதிக்கொள்ளாமல் கம்பெனியின் ஆப்பிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ ஒருமுறை சரிபாருங்கள். “இன்டிமேஷன் கொடுத்தாச்சு” என்று சொல்லப்பட்ட கிளெய்ம் பதிவே ஆகாமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது.

கேள்விகள் எழுத்தில் போகட்டும். போனில் பேசியதற்குத் தேதி கிடையாது. பேசி முடித்ததும், “இன்று நீங்கள் சொன்னது: எஸ்டிமேட் நேற்று ஏற்றப்பட்டது, சர்வேயர் நாளை வருவார்” என்று வாட்ஸ்ஆப்பில் இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். பிறகு புகார் எழுத வேண்டி வந்தால் இந்த இரண்டு வரிகள்தான் சாட்சி.

வண்டியை விடும்போதே நான்கு பக்கமும், டயர்களும், பெட்ரோல் முள்ளும், கிலோமீட்டர் எண்ணும் தெரியும்படி படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். எடுக்க மறந்திருந்தால் இன்றாவது போய் எடுங்கள்.

## “சர்வேயர் இன்னும் வரலை சார்”

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூன் மாதம் வெளியிட்ட தலைமைச் சுற்றறிக்கையின்படி, கிளெய்ம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதிலிருந்து 15 நாளுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கைக்கு வந்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையைக் காலத்தில் வாங்குவதும் கம்பெனியின் பொறுப்பே, ஆகவே “சர்வேயர் தரவில்லை” என்பது உங்களிடம் சொல்லக்கூடிய காரணமல்ல. இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 24 மணி, 15 நாள், 7 நாள்.

பார்க்க வேண்டியவை:

கிளெய்ம் பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் நீங்களே இப்போதே பதிவு செய்யுங்கள். ஒர்க்‌ஷாப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பதிவாகியிருக்கிறது, சர்வேயர் பெயர் வரவில்லை. கம்பெனிக்கு மின்னஞ்சல். ஒரே கேள்வி: “ஒதுக்கப்பட்ட சர்வேயர் யார், எந்தத் தேதியில் ஒதுக்கப்பட்டார்?”

பெயர் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. அவரையே நேரடியாகக் கூப்பிடுங்கள். பெரும்பாலும், “எஸ்டிமேட் ஏத்தினா வரேன்னு சொன்னேன், இன்னும் ஏத்தலை” என்பார். அப்படியானால் தடை ஒர்க்‌ஷாப்பில். எஸ்டிமேட் போடும் ஆள் ஒருவரே இருக்கும் இடங்களில், அவர் ஒரு நாள் லீவு போட்டால் பத்து வண்டி நிற்கும். பாடி ஷாப் மேனேஜரிடம் கேளுங்கள், அட்வைசரிடம் வேண்டாம்.

எஸ்டிமேட்டும் ஏறிவிட்டது. வண்டியைப் பிரிக்க உங்கள் கையெழுத்துக்காக நிற்கலாம். முன்பக்க அடி என்றால் பம்பரைக் கழற்றாமல் ரேடியேட்டர், கண்டென்சர் நிலை தெரியாது, சர்வேயரும் பார்க்க மாட்டார். கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பிரித்தபின் வண்டியை வேறு இடத்துக்கு எடுத்துப்போனால் எவ்வளவு வாங்குவீர்கள்? எஸ்டிமேட் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்கும் இடங்கள் உண்டு.

மோட்டார் கிளெய்மில் இழப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளதைக் கம்பெனி தன் ஆளை வைத்தோ, ஆப் வழியாக வீடியோ எடுத்தோ முடிக்கலாம். பம்பர் கீறல், ஒரு கதவு நசுங்கல் போன்றவற்றுக்கு, “வீடியோ சர்வே செய்ய முடியுமா?” என்று நீங்களே கேட்டால் இரண்டு மூன்று நாள் மிச்சமாகும்.

## “அப்ரூவல் வரலை சார்”

சர்வேயர் வந்து படம் எடுத்துப் போய்விட்டார், அதற்குப் பிறகு மௌனம். தாமதங்களில் பாதி இந்த இடத்தில்தான் நிற்கிறது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் வேறு வேறு காரியங்கள் ஒளிந்திருக்கும்.

முதலில் உங்கள் பக்கத்துக் காகிதங்கள். கிளெய்ம் படிவத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கும். ஆர்.சி.யின் பின்பக்கம் அனுப்பியிருக்க மாட்டீர்கள். வண்டி ஓட்டியவர் வேறு ஆள் என்றால் அவருடைய ஓட்டுநர் உரிமம் வேண்டும், உங்களுடையது அல்ல. உரிமம் விபத்து நாளில் செல்லுபடியாக இருந்ததா என்று பரிவாஹன் தளத்தில் பார்த்துவிடுங்கள். கம்பெனியும் அங்கேதான் பார்க்கும். கே.ஒய்.சி. ஆவணமும் பான் எண்ணும் நிலுவையில் இருக்கலாம். கம்பெனி கேட்டு மின்னஞ்சல் அனுப்பி அது ஸ்பேம் பெட்டியில் கிடப்பது மிகச் சாதாரணம். முதலில் அங்கே பாருங்கள்.

மாசுச் சான்று காலாவதியானதைக் காரணம் காட்டினால், அதற்காக மட்டும் கிளெய்மை மறுக்க முடியாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அதை எழுதிக் கேளுங்கள்.

காவல்நிலையச் சான்று கேட்கிறார்களா? திருட்டு, யாருக்காவது காயம், மற்றவர் சொத்துக்குப் பெரிய சேதம் என்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டும். சுவரில் இடித்த வண்டிக்கு வேண்டியதில்லை. ஆனாலும் கம்பெனி சந்தேகப்பட்டுக் கேட்டால் தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்குக் காவல்நிலையம் தரும் ரசீது) பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். வாதாடி ஒரு வாரம் போக்குவதைவிட வாங்கிக் கொடுப்பது வேகம்.

அடுத்தது கடினமான வகை. காகிதம் எல்லாம் சரி, ஆனால் கம்பெனி “விசாரணை” போட்டிருக்கிறது. இதற்கு வழக்கமான காரணங்கள்:

- பழைய கார் வாங்கி ஆர்.சி. பெயர் மாறியிருக்கும், பாலிசி இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும். பெயர் மாற்றத்துக்கு 14 நாள் அவகாசம். அது தாண்டியிருந்தால் சொந்தச் சேதக் கிளெய்ம் கிடைப்பது கடினம்.
- போன ஆண்டு கிளெய்ம் எடுத்துவிட்டு, புதுக் கம்பெனியில் நோ கிளெய்ம் போனஸ் இருப்பதாகச் சொல்லித் தள்ளுபடி வாங்கியிருப்பார்கள். பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதிப்படுத்தும்வரை கோப்பு நகராது.
- ஆர்.சி.யில் ஏறாத சி.என்.ஜி. கிட்.
- வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டியதாகச் சந்தேகம்.
- விபத்து நடந்த விதத்துக்கும் அடி விழுந்த இடத்துக்கும் பொருத்தமின்மை. “வலது பக்கம் பைக்காரன் இடித்தான்” என்று எழுதிவிட்டு இடது பக்கக் கதவுக்கும் எஸ்டிமேட் கேட்டால் நிச்சயம் நிற்கும். பழைய கீறலையும் சேர்த்துப் போட ஒர்க்‌ஷாப் ஆசை காட்டும். அதுவே உண்மையான அடிக்கான அப்ரூவலையும் தாமதப்படுத்தும்.

இந்த வகையில் சிக்கியிருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். “அண்டர் பிராசஸ்” என்பது காரணம் அல்ல. இப்படி எழுதலாம்: “கிளெய்ம் எண் இது. சர்வே இந்தத் தேதியில் முடிந்தது. எஸ்டிமேட் உங்களுக்கு எப்போது வந்தது? சர்வேயரின் அறிக்கை வந்ததா? என்னிடமிருந்து ஏதேனும் ஆவணம் நிலுவையில் உள்ளதா? இல்லையெனில் ஒப்புதல் தாமதத்தின் காரணத்தைத் தெரிவிக்கவும்.” நான்கு கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்காவது நேரான பதில் வந்தே தீரும்.

மூன்றாவது வகை: பேரம். ஒர்க்‌ஷாப் கதவை மாற்றச் சொல்கிறது, சர்வேயர் தட்டிச் சரிசெய்யச் சொல்கிறார். அல்லது லேபர் தொகையில் ஒத்துவரவில்லை. உங்களிடம் இதைச் சொல்லவே மாட்டார்கள், “அப்ரூவல் வரலை” என்று மட்டும் வரும். ஒர்க்‌ஷாப்பிலேயே சர்வேயரையும் பாடி ஷாப் மேனேஜரையும் ஒரே நேரத்தில் நிற்க வைத்துப் பேசச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் முடியும் விஷயம் பத்து நாள் மின்னஞ்சலில் ஓடும். வெளித்தகடு மட்டும் நசுங்கியிருந்தால் டிங்கரிங் போதும், அதில் பிடிவாதம் வேண்டாம். கதவின் உள்ளே உள்ள குறுக்குக் கம்பி, பில்லர், முன்பக்க சேசிஸ் நீட்டம் வளைந்திருந்தால் மாற்றவோ முறையான மெஷினில் இழுத்து அளக்கவோ செய்ய வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் பின்னால் டயர் ஒருபக்கம் தேய்வதிலும் கதவு சாத்தாமல் இடிப்பதிலும் தெரியும்.

## “பார்ட்ஸ் ஆர்டர் போட்டிருக்கோம், வரலை”

இந்தப் பதிலை நம்பலாமா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஆர்டர் எண்ணும் ஆர்டர் போட்ட தேதியும் கேட்பது. எந்தெந்தப் பார்ட், என்ன பார்ட் நம்பர், எப்போது ஆர்டர், எப்போது வரும் என்று கம்பெனி சிஸ்டம் தருகிறது என்ற பட்டியலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பட்டியல் வரவில்லை, இழுக்கிறார்கள். ஆர்டரே போடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கிய ஸ்பேரைத் திருப்பித் தர முடியாது என்பதால் அப்ரூவலுக்கு முன் ஆர்டர் போடத் தயங்குவார்கள். அப்ரூவல் வந்தபின்னும் உங்கள் பங்குத் தொகையில் முன்பணம் எதிர்பார்த்து நிற்பார்கள். முன்பணம் கொடுப்பதில் தவறில்லை, ரசீதில் ஜாப் கார்டு எண் இருக்க வேண்டும்.

ஆர்டர் அப்ரூவலுக்கு ஒரு வாரம் கழித்துப் போடப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பின் தாமதம். இப்போது சண்டை போட்டு ஆகப்போவது எதுவுமில்லை, குறித்து வையுங்கள். பார்க்கிங் கட்டணம் கேட்கும் நாளில் உதவும்.

வந்தது, ஆனால் தவறான பார்ட். ஒரே மாடலில் ஹாலஜன் ஹெட்லைட்டும் எல்.இ.டி. ஹெட்லைட்டும் இருக்கும். பம்பரில் ஃபாக் லேம்ப் ஓட்டை உள்ளதும் இல்லாததும், பார்க்கிங் சென்சார் ஓட்டை உள்ளதும் இல்லாததும் தனித்தனி நம்பர். வேரியன்ட் பெயரைச் சொல்லி ஆர்டர் போட்டால் இது நடக்கும். ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்துச் சேசிஸ் எண்ணை வைத்துப் பார்ட் நம்பர் எடுத்தார்களா என்று ஆர்டர் போடும் அன்றே கேளுங்கள். இந்த ஒரு கேள்வி இரண்டு வாரத்தைக் காப்பாற்றும்.

எல்லாம் வந்துவிட்டது, ஒன்று மட்டும் பாக்கி. அது என்ன பார்ட் என்பதைப் பொறுத்தது. எம்ப்ளம், பீடிங், ஃபாக் லேம்ப் மூடி போன்றவை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு, வந்ததும் மாட்டிக்கொள்ளலாம். சர்வேயரின் சம்மதமும் “பாக்கி உள்ள பார்ட்” என்று தலைப்பிட்ட சீலுடன் கூடிய தாளும் வேண்டும். ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, முன்கண்ணாடி, ஏர்பேக், சீட் பெல்ட் என்றால் எடுக்காதீர்கள். ஏர்பேக் விரிந்த வண்டியில் பை மட்டும் மாற்றினால் போதாது. சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பாகம், கட்டுப்பாட்டு மாட்யூல், மோதல் சென்சார் எல்லாம் சேர்ந்த பட்டியல் அது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் வரும். இங்கே பொறுமைதான் வழி.

நாடு முழுக்க ஸ்டாக் இல்லை. உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்குச் சேசிஸ் எண், பார்ட் நம்பர், ஆர்டர் எண் மூன்றையும் குறிப்பிட்டு எழுதுங்கள். வெறும் “ஸ்பேர் கிடைக்கவில்லை” என்ற புகார் மறுபடி அதே ஒர்க்‌ஷாப்புக்கே திரும்பி வரும், எண்ணோடு போனால் கிடங்குப் பிரிவுக்குப் போகும். அதே நேரத்தில் கோவை, மதுரை, பெங்களூரு டீலர்களிடம் அந்த நம்பர் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். டீலருக்கு டீலர் வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு.

உற்பத்தி நின்ற வண்டிகளுக்கு இது கூடுதல் தலைவலி. செவ்ரோலே 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு, உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. இத்தகைய வண்டிகளில் எஞ்சின், பிரேக் பாகங்களைவிட ஹெட்லைட், பம்பர், கதவு போன்ற பாடி பாகங்கள்தான் சிக்கல். வேறு தயாரிப்பாளரின் புது பார்ட்டை ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கி மாட்டச் சர்வேயரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் கேளுங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பார்ட் கடைகளில் கழற்றிய கதவு நல்ல நிலையில் கிடைக்கலாம், ஆனால் பில் இல்லாததைக் கிளெய்மில் காட்ட முடியாது. ஏர்பேக்கையும் சீட் பெல்ட்டையும் எந்த விலைக்கும் பழையதில் வாங்காதீர்கள்.

## “பிரிச்சுப் பார்த்தா இன்னும் டேமேஜ் இருக்கு”

முன்பக்க அடியில் இது இயல்பு. பம்பரைக் கழற்றினால்தான் ரேடியேட்டர் சப்போர்ட் வளைந்தது தெரியும். இதற்குக் கூடுதல் எஸ்டிமேட் போட்டு மறுபடி அப்ரூவல் வாங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் இது மூன்று தவணையாகப் போகும்: முதலில் கண்டென்சர், ஒரு வாரம் கழித்து ஃபேன் மோட்டார், பிறகு வயரிங். ஒவ்வொரு முறையும் சர்வேயர் வரிசையின் கடைசிக்கு நீங்கள் போய்விடுவீர்கள்.

தடுக்கும் வழி: முதல் பிரிப்பிலேயே முழுதாகப் பிரிக்கச் சொல்லுங்கள். சேசிஸ் அளவு எடுக்க வேண்டுமென்றால் அதையும் அன்றே எடுக்க வேண்டும். ஏ.சி. வாயு நிற்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, ஸ்கேனர் போட்டால் என்ன கோளாறு காட்டுகிறது என்று பார்த்து ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும். முன்னால் ரேடாரோ கேமராவோ உள்ள வண்டியில் அளவுதிருத்தும் செலவையும் அந்தப் பட்டியலிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

ஏற்கெனவே தவணையில் சிக்கிவிட்டால் இரண்டாவது முறை போகும் முன், “இதற்கு மேல் எதுவும் வராது என்று சோதித்துவிட்டீர்களா?” என்று மேனேஜரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அப்ரூவல் இல்லாமல் பார்ட்டை மாற்றிவிட்டு, பழைய பார்ட்டையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றால் அந்தத் தொகை உங்களுக்குக் கிடைக்காது. பழைய பார்ட் அனைத்தும் கடைசி வரை வண்டி எண் எழுதிய மூலையில் கிடக்க வேண்டும். மறு ஆய்வுக்கு வரும்போது சர்வேயர் கேட்பார்.

## “பாடி ஷாப்பில் லோடு அதிகம்”

உண்மையாகவும் இருக்கலாம். பொங்கல், தீபாவளி வாரங்களில் டிங்கரிங், பெயிண்டிங் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். பெருமழைக்குப் பிறகான மாதங்கள் சொல்லவே வேண்டாம். பார்ட் எல்லாம் கையில் வந்தபின் ஒரு பம்பர், ஒரு ஃபெண்டர் அளவு வேலைக்கு நான்கைந்து வேலை நாள் போதும். சேசிஸ் இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் சில நாள் சேரும். அதற்கு மேல் போனால் உங்கள் வண்டி வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

நேரில் போய்ப் பாருங்கள். வண்டி எந்த நிலையில் நிற்கிறது? டிங்கரிங் முடிந்து ப்ரைமர் நிலையில் வெளியே வெயிலில் நிற்கிறது என்றால் பெயிண்ட் பூத்தில் நெரிசல். தூசி படிந்து, பிரித்தது பிரித்தபடி நிற்கிறது என்றால் யாரும் தொடவே இல்லை. இரண்டாவது நிலையில், வேலை தொடங்கும் முன், வேறு நெட்வொர்க் ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றுவதையும் யோசிக்கலாம். அப்ரூவல் புதிதாக வாங்க வேண்டும், டோயிங் செலவு உங்களுடையது, பிரித்த கட்டணமும் கேட்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மிச்சமாகும் என்றால் மட்டும் செய்யுங்கள்.

நீண்ட நாள் நிற்கும் வண்டியில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். கண்ணாடி உடைந்த வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். எலி வயரைக் கடித்தால் அது புது இழப்பு, இந்தக் கிளெய்மில் வராது.

## “வண்டி ரெடி, டி.ஓ. வரலை”

வேலை முடிந்துவிட்டது, கேட் பாஸ் கிடைக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு தரும் என்று உறுதிசெய்யும் கடிதத்தைத்தான் டி.ஓ. என்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை பில் ஏற்றினால் திங்கள் வரை நிற்கும். பில் ஏற்றியாகிவிட்டதா, சர்வேயரின் மறு ஆய்வு முடிந்ததா என்ற இரண்டையும் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

இதற்கடுத்த காரணம் உங்கள் பங்குத் தொகை பற்றிய வாக்குவாதம். முன்கூட்டியே நீங்களே கணக்குப் போட்டு வைத்தால் கவுண்டரில் நிற்க வேண்டியதில்லை. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் இருக்க எடுக்கும் ஆட்-ஆன், அதாவது கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில், பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் தேய்மானம். ஃபைபர் கிளாஸ் 30. கண்ணாடிக்கு இல்லை. உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: இரண்டு முதல் மூன்று ஆண்டு என்றால் 15, நான்கு முதல் ஐந்து என்றால் 35, ஐந்து முதல் பத்து ஆண்டு என்றால் 40 சதவீதம். பெயிண்ட் பில் மொத்தமாக இருந்தால் அதில் கால்பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். இவற்றுக்கு மேல் கட்டாயக் கழிவு, 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000.

இரண்டரை ஆண்டு ஆன, 1200 சி.சி. வண்டி என்று வையுங்கள். பம்பர் 8,000, தகடு ஃபெண்டர் 6,000, பெயிண்டிங் 12,000. உங்கள் பங்கு: பம்பரில் 4,000, ஃபெண்டரில் 900, பெயிண்டில் 1,500, கட்டாயக் கழிவு 1,000. ஆக 7,400 ரூபாய். ஒர்க்‌ஷாப் 11,000 கேட்டால் மிச்சம் 3,600 எதற்கு என்று வரிவரியாகக் கேட்கலாம். கிளிப், கூலன்ட், ஏ.சி. வாயு போன்ற கன்ஸ்யூமபிள்கள் ஆட்-ஆன் இல்லாவிட்டால் நியாயமாகவே உங்கள் கணக்கில்தான் வரும். ஜீரோ டெப் இருந்தும் தேய்மானம் கழித்திருந்தால் பாலிசியில் அந்த ஆண்டுக்கான கிளெய்ம் எண்ணிக்கை தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இரண்டுதான்.

டி.ஓ. உடனே வராது, வண்டி அவசரம் என்றால் முழுப் பணத்தையும் கட்டி எடுத்துக்கொண்டு, பிறகு கம்பெனியிடம் திரும்ப வாங்குவது ஒரு வழி. பில் அசல், பணம் கட்டிய ரசீது, ரத்து செய்த காசோலை மூன்றும் வேண்டும். கேஷ்லெஸ்ஸிலிருந்து மாற்றுவதாகக் கம்பெனிக்கு முன்பே மின்னஞ்சல் போயிருக்க வேண்டும். தீர்வு தாமதமானால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி கேட்க உரிமை உண்டு.

## “டோட்டல் லாஸ் ஆகலாம்னு சொல்றாங்க”

பழுதுச் செலவு வண்டியின் ஐ.டி.வி.யில் (பாலிசியில் குறித்துள்ள வண்டியின் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதுவார்கள். 70-க்கும் 80-க்கும் நடுவில் எஸ்டிமேட் ஊசலாடும் வண்டிகள்தான் மாதக்கணக்கில் நிற்கின்றன. சர்வேயர் குறைக்கப் பார்ப்பார், ஒர்க்‌ஷாப் கூட்டப் பார்க்கும், நடுவில் நீங்கள் மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவெடுத்து எழுத்தில் சொல்லுங்கள். அது தீர்ப்பல்ல, ஆனாலும் கோப்பு ஒரு பக்கம் சாயும்.

முழு இழப்பு உறுதியானால் தாமதம் காகிதத்தில் வரும். கடன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும், ஆகவே வங்கியின் நிலுவைக் கடிதத்தை முதல் நாளே கேளுங்கள். படிவம் 28 (தடையில்லாச் சான்று), 29, 30 (பெயர் மாற்றம்), 35 (கடன் பதிவு நீக்கம்) கேட்பார்கள். வாங்குபவர் பெயர் காலியாக உள்ள 29, 30-இல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பெயர் மாறாத வண்டி நாளை எங்கேயாவது மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

எஸ்டிமேட் லட்சங்களில் இருந்து, சர்வேயரின் மதிப்பீடு உங்களுக்குச் சரியாகப் படவில்லையென்றால் இதுதான் வெளி நிபுணரை அழைக்க வேண்டிய இடம். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கி, உரிமம் பெற்ற வேறொரு தனிச் சர்வேயரிடம் காட்டுங்கள். சின்ன பம்பர் வேலைக்கு அந்தச் செலவு கட்டாது.

## தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னை கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஸ்டார்ட் செய்யாதே. தண்ணீர் புகுந்த எஞ்சினைச் சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும், அதைப் பின்விளைவுச் சேதம் என்று கம்பெனி ஒதுக்கும். எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாவிட்டால் செலவு முழுதும் உங்களுடையது.

இங்கே தாமதமே சேதம். சர்வேயர் வர ஒரு வாரம் ஆகும் என்றால் சீட், கார்பெட்டைக் கழற்றி உலர்த்த அனுமதி கேட்டு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி கதவோரத்திலும் டாஷ்போர்டிலும் படம் எடுத்தபின் கழற்றலாம். மேலும் சேதமாகாமல் காப்பது பாலிசிப்படி உங்கள் கடமையும்கூட. அடிப்படைப் பாலிசியில் டோயிங்குக்குக் கிடைப்பது 1,500 ரூபாய் வரைதான்.

## எதற்கும் பதில் இல்லை

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி. தேதி வரிசையில் ஒரு பக்கம் போதும். இரண்டு வாரத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார் தளம் அல்லது 155255 என்ற தொலைபேசி எண்.

புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கும்படி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டைப் பகுதியில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட முடியும். கம்பெனியின் பதில் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். உத்தரவை 30 நாளில் நிறைவேற்றாத கம்பெனி, நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

ஒன்று மறக்கக் கூடாது: குறைதீர்ப்பாளர் இன்சூரன்ஸ் கம்பெனி மீது மட்டும்தான் விசாரிப்பார். தாமதம் ஒர்க்‌ஷாப்பினுடையது என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்குப்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இருவரும் சேர்ந்து இழுத்தடித்திருந்தால் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது ஆணையத்தில்தான் முடியும். தொகை பெரிது, அல்லது கிளெய்ம் மோசடி என்று சொல்லி மறுக்கப்பட்டிருக்கிறது என்றால் இங்கே வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை நீங்களே எழுதலாம்.

வண்டி உள்ளே நிற்கும்போது பாலிசி முடியும் நாள் வந்தால் கிளெய்ம் முடியும்வரை காத்திராமல் அதற்குள் புதுப்பியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் இல்லாமல் பிரீமியம் கூடுதலாகத்தான் வரும். விட்டுவிட்டால் புதுப் பாலிசிக்கு வண்டியை ஆய்வு செய்யக் கேட்பார்கள், பானெட் இல்லாமல் ஜாக்கியில் நிற்கும் வண்டியை எந்தக் கம்பெனியும் ஏற்காது.